பற்றைக்குள் வாழும் வண்ணத்துப்பூச்சிகள்: வன்னியில் வாழிடம் காக்கும் தொண்டுப் பணி

வளவுக்குள் வண்ணத்துப்பூச்சிகள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, எந்தப் பூங்கன்றை வாங்கி நடலாம் என்பதைத்தான். நாம் வண்ணத்துப்பூச்சியைப் பூவிலேயே காண்பதால் அந்தக் கேள்வி இயல்பாக எழுகிறது. ஆனால் பூவில் நாம் காண்பது அதன் வாழ்வின் இறுதிக் கட்டத்தை மட்டுமே. முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக அது கழிக்கும் நாட்களில் அதற்குப் பூ தேவையில்லை. குறித்த ஒரு செடியின் இலையே தேவை. பெண் வண்ணத்துப்பூச்சி கால்களால் இலையைத் தட்டிச் சுவைத்து, தன் புழு தின்னக்கூடிய செடி இதுதான் என்று தெரிந்த பின்னரே முட்டையிடுகிறது. அந்தச் செடி ஊரில் இல்லையென்றால், தேன் நிறைந்த பூக்கள் ஆயிரம் இருந்தாலும் அது வந்து குடித்துவிட்டுப் போகுமே தவிர, அங்கே பெருகாது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியைப் பொறுத்தவரை இந்த உண்மைக்கு ஒரு கசப்பான பின்விளைவு உண்டு. இங்கே புழுக்களுக்கு உணவாகும் செடிகளில் பெரும்பாலானவை எவரும் விரும்பி நட்டவை அல்ல. அவை வீதியோரப் பற்றைகளிலும், குளத்தின் அலைகரையிலும், வாய்க்கால் வரம்பிலும், பழைய வேலிகளிலும் தாமாக முளைத்தவை. களை என்றும் குப்பை என்றும் பெயர் பெற்றவை. நல்ல நோக்கத்தோடு நாம் செய்யும் துப்புரவுப் பணிகளே அவற்றை முதலில் அழிக்கின்றன. ஆகவே வன்னியில் வண்ணத்துப்பூச்சிகளின் வாழிடத்தைக் காக்க முன்வருகிற தொண்டர் ஒருவருக்கு, எதை நடுவது என்பதைக் காட்டிலும் எதை வெட்டாமல் விடுவது, எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்வோம். தரையோடு தரையாகப் படரும் சாம்பல் பச்சை நிறமான இந்தச் செடி, அதன் பெயர் சொல்வதுபோலவே, ஆடு வாய்வைக்காத கசப்பும் நஞ்சும் கொண்டது. கருஞ்சிறகுகளில் சிவப்புப் புள்ளிகளும், பார்த்தவுடன் எச்சரிக்கும் செந்நிற உடலும் கொண்ட சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, இந்தச் செடியையும் இதன் உறவினமான பெருமருந்துக் கொடியையும் தின்றே வளர்கிறது. செடியின் நஞ்சைப் புழு தன் உடலில் சேமிக்கிறது. அது சிறகு முளைத்த பின்னும் உடலில் நிற்பதால், ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை அதை நாடுவதில்லை. கறிவேப்பிலை அழகி என்ற வேறோர் இனத்தின் பெண்களில் ஒரு பகுதி, நஞ்சு எதுவும் இல்லாமலேயே, இதே கறுப்பு-சிவப்புக் கோலத்தைப் பூண்டு பறவைகளை ஏமாற்றிப் பிழைத்துக்கொள்கின்றன. கறிவேப்பிலையும் தேசியும் உள்ள எந்த வளவிலும் அவற்றைக் காணலாம். ஆடு தீண்டாத அந்தச் செடியைத் தீண்டுவது புல்வெட்டும் இயந்திரமும் மண் அள்ளும் பெக்கோவின் வாளியும்தான். வீதியோரத்தை மண் தெரியும்வரை வழித்தெடுக்கும்போது ஆடுதீண்டாப்பாளை போகிறது. அதோடு அந்த அழகியும் அவ்விடத்தில் பெருக வழியற்றுப் போகிறது.

இவ்வாறு இலைக்கும் சிறகுக்கும் உள்ள உறவைச் செடி செடியாகத் தெரிந்துகொள்வதே இந்தப் பணியின் அடிப்படைக் கல்வி என்று நான் கருதுகிறேன். அது கடினமான கல்வியும் அல்ல, ஏனென்றால் செடிகளின் பெயர்கள் வன்னி மக்களின் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. எருக்கலையில் வெந்தய வரியன் முட்டையிடும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்க் கோடிட்ட அதன் புழுவை எருக்கலை இலையின் அடியில் எவரும் கண்டுபிடிக்கலாம். கொன்றையிலும் ஆவரசிலும் தகரையிலும் கொன்னை வெள்ளையன்கள் வளர்கின்றன. ஆமணக்குக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி, மா இலைக்கு ஒன்று, நெட்டிலிங்கத்துக்கும் அன்னமுன்னாவுக்கும் பொதுவாகப் பச்சைப் புள்ளிகள் தெறித்த ஒன்று என்று கணக்கு நீளும். மாமரத்தில் ஒட்டி வாழும் குருவிச்சையைக் கண்டால் கமக்காரர் கொக்கத்தடியால் இழுத்து எறிவார். அதில் அவருக்கு நியாயம் உண்டு. ஆனால் சிறகின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஓரத்தில் செம்புள்ளிகளுமாகப் பறக்கும், பலரும் மிக அழகியது என்று சொல்லும் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தக் குருவிச்சையிலேயே கூட்டமாக வாழ்கிறது. மா காய்க்கும் மரத்தில் வெட்டுங்கள், காட்டோரத்துப் பூவரசில் இருப்பதை விட்டுவிடுங்கள் என்பதே இதில் சொல்லக்கூடிய நடுநிலையான யோசனை.

புழு என்றாலே கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தையும் இங்கே பேச வேண்டும். வடக்கில் முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கொள்ளும் மயிர்க்கொட்டியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் மயிர் பட்டால் உடல் தடித்து அரிக்கும் என்பதால் தீப்பந்தம் பிடித்து எரிப்பது வழக்கம். அது இரவில் பறக்கும் விட்டில் இனம் ஒன்றின் புழு. வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களோ பெரும்பாலும் மயிரற்றவை. முள் போன்ற உறுப்புகள் உள்ளவைகூடக் கொட்டுவதில்லை. தேசிக் கன்றில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்து, பிறகு பச்சையாக மாறும் புழு எலுமிச்சை அழகியுடையது. இளங்கன்றை அது மொட்டையாக்கிவிடும் என்பது உண்மையே. மருந்தடிப்பதற்குப் பதில் அந்தப் புழுக்களைத் தடியால் எடுத்துப் பக்கத்திலுள்ள விளாத்தி மரத்திலோ வில்வத்திலோ விட்டால், அவை அங்கே தின்று வளரும். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள் என்பதால் புழுவுக்கு ஒரு குறையும் இல்லை.

வன்னியின் சிறப்பொன்று முதிரை மரத்தோடு பிணைந்திருக்கிறது. பாலை, வீரை, கருங்காலி, முதிரை என்று நம் காடுகளின் பெருமையை எண்ணும்போது முதிரையின் பெயர் விலையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். கதவும் நிலையும் கட்டிலும் செய்ய அதற்கு ஈடான மரம் இல்லை என்பதால் சட்டவிரோத மரவெட்டல் முதலில் குறிவைப்பது அதையே. தேசி, விளா, கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே முதிரையும். கரும் சிறகின் குறுக்கே பச்சை-நீலப் பட்டை மயிற்பீலிபோல் மின்னும் அரிய அழகி ஒன்றின் புழு முதிரை இலையை உண்டு வளர்கிறது. இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் இந்தியாவின் வறண்ட காடுகளிலும் மட்டுமே உள்ள அந்த வண்ணத்துப்பூச்சியைக் காண விரும்புகிறவர், கோடையில் காட்டாற்றின் ஈர மணலுக்கு அருகே காத்திருக்க வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் இரவோடிரவாகப் போகும் முதிரைக் குற்றி ஒவ்வொன்றோடும் அந்தப் பச்சை மின்னலின் வருங்காலமும் சிறிது போகிறது என்பதை மரவெட்டலைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதிரை விதை முளைக்கும்; அதன் நாற்றுகளைப் பொலித்தீன் பையில் வளர்க்கலாம். ஆனால் மெதுவாக வளரும் மரம் என்பதால் மரநடுகை நிகழ்வுகளில் அதற்கு இடம் கிடைப்பது குறைவு.

மரநடுகையைப் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகை மாதத்தை மரநடுகை மாதமாகக் கொள்வது வடக்கில் வழக்கமாகிவிட்டது. மழை தொடங்கிய பின் நடுவதால் கன்று பிழைக்கும் என்ற வகையில் காலமும் பொருத்தமானது. ஆனால் கொடுக்கப்படும் கன்றுகள் தேக்கும், விரைவில் நிழல் தரும் அயல்நாட்டு மரங்களுமாக இருந்தால் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெரிய பயன் இல்லை. வன்னியில் நாம் பார்க்கும் தேக்கங்காடு கோடையில் இலையுதிர்த்து, தரையில் வேறெதையும் வளரவிடாமல், ஒரே மாதிரியான வரிசைகளாக நிற்கிறது. மாவிலங்கு, விளா, கொன்றை, முதிரை, வில்வம் என்று கலந்து நடப்படும் அரை ஏக்கர், தேக்கு மட்டும் நிற்கும் ஐந்து ஏக்கரைவிடக் கூடுதலான சிறகுகளைத் தாங்கும் என்று துணிந்து சொல்வேன். மாவிலங்கில் வளர்வது வெள்ளைச் சிறகின் நுனியில் செம்மஞ்சள் தீற்றிய பெரிய வண்ணத்துப்பூச்சி; அது ஆற்றங்கரையோரம் உயரத்தில் வேகமாகப் பறந்து போவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

உயிர்வேலிகளின் கதை இதைவிட முக்கியமானது என்பதால் அதில் சற்று நிற்க வேண்டும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக ஊன்றி, இடையில் ஆமணக்கும் ஆதொண்டையும் நன்னாரியும் கொடிப்பாலையும் தாமாகப் படர்ந்து, பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் முளைத்து உருவான வேலி என்பது உண்மையில் நீண்டு ஒடுங்கிய ஒரு காடு. நன்னாரியில் கறுப்பன்கள் வளரும். கொடிப்பாலையில் நீல வரியன் வளரும். ஆதொண்டையில் வெள்ளையன்கள் பல வளரும். ஒரு கிராமத்தின் வேலிகளையெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தால், காட்டின் விளிம்பிலிருந்து குளம்வரை ஒரு வண்ணத்துப்பூச்சி வெட்டவெளியைக் கடக்காமலே பறந்து போக வழி கிடைக்கும். 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபோது பல வளவுகளில் வேலி என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எல்லையை உடனே காட்ட வேண்டிய தேவை இருந்தது. சீமெந்துத் தூண்களும் முட்கம்பியும் கைக்கெட்டின. பணம் சேர்ந்த பிறகு மதில் எழுந்தது. வீட்டைப் பாதுகாக்க நினைத்த எவரையும் இதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆயினும் முட்கம்பி வேலியின் உட்புறமாக இரண்டு அடி இடம்விட்டு, ஒவ்வொரு மாரியிலும் பத்துக் கதியால் ஊன்றினால், நான்கைந்து ஆண்டுகளில் கம்பியை மறைக்கும் உயிர்வேலி எழும்பிவிடும். செலவே இல்லாத இந்த வேலையைத் தொண்டர் குழு ஒன்று ஒரு வீதிக்கு மட்டும் செய்து காட்டினாலே, அடுத்த வீதிக்காரர் கேட்டு வருவார்கள்.

மன்னார்ப் பக்கம் போனால் காட்சி வேறாகிறது. வன்னியின் கிழக்கைவிட மழை குறைந்த, வறண்ட வலயம் அது. உப்புக்காற்றும் முட்பற்றையும் உள்ள அந்நிலத்தை வெறும் தரிசு என்று எண்ணுகிறவர்கள் அதிகம். ஆனால் இலங்கையில் வேறெங்கும் எளிதில் காண முடியாத சில சின்னஞ்சிறிய வண்ணத்துப்பூச்சிகள், இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் சிறகு நுனியில் பூசியவை, இந்த வறண்ட பற்றைகளுக்கே உரியவை. அவற்றின் புழுக்கள் உகாய் மரத்திலும், விழுதி, இசங்கு முதலிய புதர்களிலும் வாழ்கின்றன. வங்காலைப் புள்ளினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அங்கு வருகிறவர்கள் அனைவரும் தொலைநோக்கியைப் பூநாரைகளை நோக்கியே திருப்புவார்கள். நீருக்குப் பின்னாலிருக்கும் பற்றையின் பக்கமும் சற்றுத் திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். அந்தப் பற்றைக்கு இப்போது பெரிய இடர் சீமைக்கருவேல். அது ஊடுருவிய இடத்தில் நாட்டு முட்புதர்களுக்கு வெளிச்சமும் நீரும் கிடைப்பதில்லை. சரணாலய எல்லைக்குள் கத்தி எடுத்துச் செல்வது வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிச் செய்யக்கூடாத காரியம். அனுமதி பெற்றுச் செய்தாலும் வேரோடு பிடுங்காமல் வெட்டிவிட்டு வந்தால் சீமைக்கருவேல் மறுபடி தழைக்கும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அயல்செடிகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. பாத்தீனியம் 1980களின் இறுதியில் இந்திய அமைதி காக்கும் படையினர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வவுனியாவுக்கு வந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. தோலில் ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும் அந்தச் செடியைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்கி எரிப்பதில் எவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. நாயுண்ணியின் நிலை வேறு. 1826இல் இலங்கைக்கு அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்ட அது, காட்டின் அடித்தளத்தை மூடி நாட்டுச் செடிகளை மூச்சடைக்க வைக்கிறது. அதேவேளை கோடையில் வேறு பூ இல்லாதபோது வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன் கொடுப்பதும் அதுதான். ஒரே நாளில் நாயுண்ணி முழுவதையும் வெட்டிச் சாய்ப்பது விவேகமன்று. ஒரு மாரிக்கு மூன்றில் ஒரு பகுதி என்று எடுத்து, அந்த இடத்தில் வெட்சி, தும்பை, பொடுதலை, கிலுகிலுப்பை ஆகியவை வேரூன்றிய பின் அடுத்த பகுதிக்குப் போவதே நல்லது.

கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் குறிப்பிட்டுச் சொல்ல வேறொரு காரணம் உண்டு. காய்ந்த தேள்கொடுக்குச் செடியில் வரியன்களும் கறுப்பன்களும் பத்திருபதாக மொய்த்திருப்பதை, பூவே இல்லாத செடியில் இவை என்ன செய்கின்றன என்று பலர் வியந்து பார்த்திருப்பார்கள். ஆண்கள் அச்செடியின் வாடிய தண்டைச் சுரண்டி, அதிலுள்ள ஒருவகைக் காரப்பொருளை உறிஞ்சுகின்றன. அதிலிருந்தே பெண்ணைக் கவரும் வாசனை அவற்றின் உடலில் உண்டாகிறது. பகைக்கு எதிரான நஞ்சும் அதிலிருந்தே கிடைக்கிறது. எனவே காய்ந்துவிட்டது என்பதற்காக அந்தச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். காய்ந்த பிறகே அதற்கு விருந்தினர் அதிகம்.

கோடையில் குளம் வற்றும் காலத்தில் இதையொத்த இன்னொரு காட்சியைக் காணலாம். அலைகரையின் ஈரச் சேற்றிலும், மாட்டுப்பட்டி ஓரத்திலும், காட்டாற்று மணலிலும் நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள் சிறகு மூடி வரிசையாக அமர்ந்திருக்கும். பெரும்பாலும் அவை ஆண்கள். தேனில் கிடைக்காத உப்பைச் சேற்றிலிருந்து உறிஞ்சி, இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அந்த உப்பு முட்டைகளுக்குப் போய்ச் சேர்கிறது. கட்டுக்கரைக்குளமோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ இரணைமடுவோ, எந்தக் குளமானாலும் நீர் பின்வாங்கிய அந்த ஈர விளிம்புதான் அவற்றின் சந்தை. குளத்தை ஆழமாக்குகிறோம் என்று அலைகரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அந்த விளிம்பு இல்லாமற் போகும். சாய்வாக விட்டால் நிலைக்கும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், புனரமைப்பு வேலை தொடங்கும் முன்னரே, இதை எடுத்துச் சொல்ல ஒருவர் எழுந்து நிற்பது பத்துச் சிரமதானங்களுக்குச் சமம்.

மேய்ச்சலைப் பற்றியும் நாம் அவசரப்பட்டு முடிவெடுத்துவிடக் கூடாது. வாழிடத்தைக் காப்பது என்றால் ஆட்டையும் மாட்டையும் துரத்திவிட்டு வேலி அடைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் நடந்த ஒன்று இதில் பாடம் தருகிறது. அங்கே பெரிய நீலன் என்று சொல்லத்தக்க வண்ணத்துப்பூச்சி ஒன்று பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே போய், 1979இல் முற்றாக அழிந்துபோனது. சேகரிப்போரைத் தடுத்தும் வேலி அடைத்தும் பார்த்தார்கள், பயனில்லை. அதன் புழு குறித்த ஒருவகைச் சிவப்பெறும்பின் கூட்டுக்குள்ளேயே வளர்ந்து பெரிதாகும் என்பதும், அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான தரை தேவை என்பதும், மேய்ச்சல் நின்றதாலும் 1950களில் பரவிய நோயால் முயல்கள் மடிந்ததாலும் புல் உயர்ந்து தரை குளிர்ந்துவிட்டது என்பதும் பின்னரே ஆய்வாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலை அளவோடு மீட்டெடுத்த நிலங்களில் விட்டபோது அது திரும்பவும் நிலைத்தது. வன்னியின் அலைகரைகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் மாடுகளின் வாயும் குளம்பும் புல்லைக் குட்டையாக வைத்திருப்பதால்தான் தரையோடு படரும் பொடுதலையும் நீர்முள்ளியும் வெளிச்சம் பெறுகின்றன. மயிற்கண் போன்ற புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி அவற்றில் வளர்கிறது. ஆகவே மேய்ச்சல் தரையை இழந்து தவிக்கும் மாட்டுக்காரரும் வண்ணத்துப்பூச்சியை விரும்புகிறவரும் இந்த விடயத்தில் ஒரே பக்கத்தில் நிற்கிறவர்கள்.

இங்கிலாந்தில் தொண்டர்கள் வளர்த்தெடுத்த இன்னொரு பழக்கமும் நமக்கு எளிதில் பொருந்தும். 1976 முதல் அங்கே வண்ணத்துப்பூச்சிகளைக் கிழமைதோறும் எண்ணி வருகிறார்கள். முறை மிக எளியது: மாறாத ஒரு பாதையைத் தெரிந்துகொண்டு, வெயில் உள்ள நேரத்தில் சீரான நடையில் நடந்து, இரு பக்கமும் இரண்டரை மீற்றருக்குள், முன்னால் ஐந்து மீற்றருக்குள் தென்படுவதை மட்டும் இனம் பிரித்து எழுதுவது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. குளக்கட்டின் மீது அரைக் கிலோமீற்றர், காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில், கிழமைக்கு ஒருநாள் என்று ஒரு பாடசாலை மாணவர் குழு ஓராண்டு எண்ணினால், காலபோக மழைக்குப் பின் எந்த இனம் பெருகுகிறது, கோடையில் எது மறைகிறது, வரம்புக்குக் களைநாசினி அடித்த கிழமைக்குப் பின் எண்ணிக்கை என்னாகிறது என்பதெல்லாம் அவர்களுடைய சொந்தக் கொப்பியில் தெரியத் தொடங்கும். இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. அவற்றுள் எல்லாவற்றையும் அறிந்தாக வேண்டியதில்லை. முதலாண்டில் இருபதை உறுதியாக இனம் காண்பது போதும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் வழங்கிவரும் அழகி, வரியன், வெள்ளையன், நீலன், தாவி என்ற குடும்பப் பெயர்கள் பிள்ளைகளின் நாவில் விரைவாக ஒட்டிக்கொள்கின்றன. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இலங்கைக் காடுகளிலும் உள்ளது. நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியான பெரிய மஞ்சட் சிறகியோ முதன்மையாக ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியது. அதை வரவழைக்க வன்னியில் முயல்வதைவிட இங்கிருப்பவற்றைப் பேணுவதே தகும்.

எண்ணுவதற்குப் பிடிக்க வேண்டியதில்லை, பிடிக்கவும் கூடாது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது; பின்வந்த திருத்தங்கள் பல வண்ணத்துப்பூச்சிகளையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துள்ளன. 2020இல் யால தேசிய பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகள் உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளை மெழுகுப் பொதிகளில் அடைத்து வைத்திருந்த இத்தாலியர் இருவருக்கு, 2024இல் 6 கோடி ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. கைத்தொலைபேசியால் எடுக்கும் படமே போதுமான சான்று.

துப்புரவைப் பற்றித் தொடங்கியதால் அதைச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் இருபுறப் பற்றையையும் வெட்டுவதற்காக வந்திருந்த பெரியவர் ஒருவரிடம், ஒரு பக்கத்தையாவது விடலாமே ஐயா என்று கேட்டேன். “தம்பி, உதுக்குள்ள புடையன் கிடக்குது. பிள்ளைகள் நடக்கிற பாதை. வெட்டாமல் என்ன செய்யிறது?” என்றார் அவர். அவர் சொன்னதில் பிழையில்லை. பாம்புக்கடியைக் கண்ட ஊரில் பற்றையை நேசிக்கச் சொல்வது இலகுவான காரியமன்று. பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு இது: நடைபாதையின் இருபுறமும் ஒரு மீற்றர் அகலத்துக்கு மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டுவது, அதற்கு அப்பாலுள்ள பற்றையை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஓர் ஆண்டு வலப்புறம் மறு ஆண்டு இடப்புறம் என்று மாற்றி வெட்டுவது, வெட்டியதைத் தீ வைக்காமல் ஓரமாகக் குவிப்பது. கூட்டுப்புழுக்கள் காய்ந்த சுள்ளியிலும் தண்டிலும் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால் தீ வைப்பதே எல்லாவற்றிலும் கேடானது. இந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்குப் பாதையும் கிடைத்தது, எருக்கலையும் ஆவரசும் நின்றன.

காடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வன்னியின் சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை கண்ட இடத்தில் பாதையைவிட்டு ஓரடியும் இறங்கக்கூடாது. விடியற்காலையிலும் பொழுதுபடும் வேளையிலும் யானை நடமாட்டம் உண்டு. நல்லவேளையாக வண்ணத்துப்பூச்சிகள் வெயில் ஏறிய பின் பறப்பவை; ஆகவே அவற்றைத் தேடுவோர் யானையின் நேரத்தில் காட்டுக்குள் இருக்க வேண்டிய தேவையில்லை. பாலைப்பழக் காலத்தில் மரத்தின் கீழ் கரடி வரும். அதே மரத்தடியில், விழுந்து புளித்த பழங்களின் மேல், பூவை ஒருபோதும் நாடாத தடித்த உடல்கொண்ட வேகமான வண்ணத்துப்பூச்சிகள் வந்து அமர்ந்து குடித்துக் கிறங்கியிருப்பதைத் தொலைவில் நின்று பார்க்கலாம். இருவாய்ச்சிகளும் மந்திகளும் மேலே பழம் உதிர்க்க, கீழே இவை உண்ணும் அந்தக் காட்சிக்காகவே ஆனி மாதத்தில் மடு வீதிப் பக்கம் ஒருமுறை போய்வரலாம். மடு வீதி 2015இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த பத்துப் பதினைந்து நாட்களில் கொன்றையும் தகரையும் துளிர்விடும். அப்போது ஏ9 வீதியில் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் கொன்னை வெள்ளையன்கள் ஒரே திசையில் ஓயாமல் வீதியைக் கடந்துகொண்டிருப்பதைப் பேருந்தின் யன்னலால் காணலாம். சிங்களத்தில் சிவனொளிபாத மலைக்கு வண்ணத்துப்பூச்சி மலை என்ற பொருள்படும் பெயர் இத்தகைய பெரும் பறப்புகளாலேயே ஏற்பட்டது என்பர். அந்த மழைக்கு முன்னர் செய்து முடிக்க வேண்டியவை மூன்றே: முற்றிய ஆடுதீண்டாப்பாளைக் காய்களை வெடிக்குமுன் பறித்துத் தாளில் மடித்து வைப்பது, கதியால் தறிக்கப் பூவரசும் கிளுவையும் உள்ள வீட்டுக்காரரிடம் சொல்லி வைப்பது, எண்ணப் போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துக் கொப்பியின் முதற் பக்கத்தில் அதன் படத்தை வரைந்துகொள்வது.